இரண்டு அறை வீட்டில் ரமாபாய்

பிப்ரவரி 7 அன்று எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் ரமாபாய் அம்பேத்கரின் பிறந்தநாளைக் கொண்டாடினார்கள். அண்ணல் படத்துக்குப் பக்கத்தில் அவர் படத்தையும் வைத்து மாலை போட்டிருந்தார்கள். மேடையில் பேசிய ஆறு பேரும் ஆண்கள். தியாகம் என்ற சொல்லும் அன்னை என்ற சொல்லும் திரும்பத் திரும்ப வந்தன. ஊர்ப் பெண்கள் பந்தலுக்குப் பின்னால் இருநூறு பேருக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்து அண்டா கழுவும் நேரத்தில், கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் ஒரு பெண் என்னிடம் வந்தாள். இடுப்பில் அண்ணன் குழந்தை. அம்பேத்கர் என்ன செய்தார் என்று தனக்குத் தெரியும், இந்த அம்மா என்ன செய்தார் என்பதை ஆறு பேரில் ஒருவரும் சொல்லவில்லையே என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அன்று அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மராட்டியத்தின் கொங்கணக் கடற்கரையில், ரத்னகிரி மாவட்டம் தாபோலிக்குப் பக்கத்தில் வணந்த் என்று ஒரு சிற்றூர். 1898 பிப்ரவரி 7 அன்று ரமாபாய் அங்கே பிறந்தார். அப்பா பிக்கு தோத்ரே, தாபோல் துறைமுகத்தில் மீன் கூடை சுமக்கும் கூலி. படகில் வந்து இறங்கும் மீனைத் தலையில் சுமந்து சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதுதான் வேலை. முதலில் அம்மா இறந்தார். பிறகு அப்பாவும் இறந்துபோக, பிள்ளைகள் அநாதைகளானார்கள். உறவினர்கள் அவர்களை மும்பைக்கு அழைத்து வந்து பைகுல்லா பகுதியில் வளர்த்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் நிலையில் யாரும் இல்லை.

1906இல் கல்யாணம். பெண்ணுக்கு ஒன்பது வயதையொட்டி இருக்கும். மாப்பிள்ளை பீமராவ், பள்ளியில் படிக்கும் பதினைந்து வயதுப் பையன். மண்டபம் பிடிக்கக் காசும் இல்லை, மகர் சாதிக் கல்யாணத்துக்கு மண்டபம் கொடுப்பாரும் இல்லை. பைகுல்லா சந்தை இரவு அடைத்த பிறகு அந்தக் கொட்டகையிலேயே கல்யாணத்தை நடத்தினார்கள். ஒரு மூலையில் பெண் வீட்டார், இன்னொரு மூலையில் மாப்பிள்ளை வீட்டார். பகலில் கடை விரிக்கும் கல் மேடைகள்தான் உட்காரும் பலகை. காலுக்குக் கீழே கழிவுநீர் ஓடியது. விடியற்காலை கடைக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்பதால் அதற்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மணப்பெண் அன்று தூங்கியிருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

மாமனார் ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனைப் படிக்க வைப்பது ஒன்றே அவருக்கு வேலை. குடும்பம் வாழ்ந்தது பரேல் பகுதியில், பஞ்சாலைகளுக்கு நடுவில். மும்பையில் தொழிலாளர் குடியிருப்புகளைச் சால் என்பார்கள். நீளமான வராந்தா, அதை ஒட்டி வரிசையாக அறைகள், ஒவ்வொரு மாடிக்கும் பொதுவாகத் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும். 1896இல் மும்பையைப் பிளேக் நோய் சூறையாடிய பிறகு, 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை ஒன்றை அரசு அமைத்தது. அது கட்டிய சால்களில் ஒன்றில்தான் அம்பேத்கர் குடும்பம் பிறகு குடியேறியது. இரண்டே அறைகள். இருபது ஆண்டுக்கும் மேலாக அதுதான் வீடு. ஒரு அறை படிப்புக்கும் வந்து போவோருக்கும் என்று ஆனது. சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு, பிள்ளை வளர்ப்பு எல்லாம் இன்னொரு அறையில்.

1912 டிசம்பர் 12 அன்று மூத்த மகன் யஷ்வந்த் பிறந்தான். ரமாபாய்க்கு அப்போது வயது பதினைந்துகூட நிறையவில்லை. அடுத்த சில மாதங்களை வரிசையாகப் பாருங்கள். ஜனவரியில் கணவர் வேலைக்காகப் பரோடா போனார். பிப்ரவரி 2 அன்று மாமனார் இறந்தார். ஜூலையில் கணவர், பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையோடு, நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் ஏறினார். பதினைந்து வயதுத் தாய், ஏழு மாதக் கைப்பிள்ளை, குடும்பத் தலைவர் இல்லாத வீடு.

அம்பேத்கரின் வாழ்க்கையைப் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில் கப்பலோடு போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் போனேன். முதுகலை படிக்கும்போது அவர் வரலாற்றை மூன்று முறை வாசித்திருப்பேன். கொலம்பியா நூலகம், செலிக்மன் என்ற பேராசிரியர், லண்டன், சட்டப் படிப்பு, பட்டங்கள் என்று மனம் அந்தப் பக்கமே ஓடும். எனக்குக் குழந்தை பிறந்த பிறகுதான், பரேல் வீட்டில் அன்று இரவு யார் விழித்திருந்தார் என்று கேட்கத் தோன்றியது.

உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுன். அதில் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்து வீட்டுக்கும் அனுப்பினார் அம்பேத்கர். அது போதவில்லை. கணவரின் அண்ணன் ஆனந்தராவ், அவர் மனைவி லட்சுமிபாய், அவர்கள் பிள்ளை என்று ஒரே வீட்டில் கூட்டுக் குடும்பம். வருகிற காசு அரிசிக்கும் சோளத்துக்கும் போனால் விறகுக்கு இருக்காது. ரமாபாய் சாணி பொறுக்கி வறட்டி தட்டினார் என்பது மராட்டியத்தில் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. தெருவில் பார்ப்பவர்கள் பாரிஸ்டர் பெண்டாட்டி சாணி பொறுக்குகிறாள் என்று சிரிப்பார்களே என்று, ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போவாராம். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடாது. அந்த நான்கு மாதம் வறட்டி காயாது. காயாத வறட்டியை வைத்து அடுப்பு மூட்டினால் எவ்வளவு புகை வரும் என்று நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஜன்னல் திறக்க முடியாத மழையில், ஒரே அறையில், அந்தப் புகைக்குள் தான் கைக்குழந்தையும் கிடந்தது.

வீட்டு வேலை என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டும். நிற்கும்போது பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும். குடத்தைத் தூக்கிக்கொண்டு வராந்தா முழுக்க நடக்க வேண்டும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ, குடிக்க என்று ஒரு நாளைக்கு எத்தனை நடை! சோள ரொட்டி தட்ட வேண்டும், கருவாடு சுட வேண்டும். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் துணி அலச மறுபடியும் குழாயடி. சாலில் வாழ்ந்த எல்லாப் பெண்களுக்கும் இதுவே விதி. ரமாபாய் ஒரு தலைவரின் மனைவி என்பதால் குழாயடியில் வரிசை குறைந்துவிடவில்லை. தலைவரைத் தேடி வருகிறவர்களுக்கான தேநீரும் சோறும் அதற்கு மேல் சேர்ந்தன.

1917 ஆகஸ்டில் கணவர் திரும்பி வந்தார். உதவித்தொகை ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குப் போனார். அங்கே அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கியவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். வேலையை விட்டு மும்பை திரும்பினார். இந்தச் சம்பவம் எல்லாருக்கும் தெரியும். அதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. பரோடாவில் வீடு கிடைத்திருந்தால் ரமாபாயும் யஷ்வந்தும் அங்கே போயிருப்பார்கள். மாதச் சம்பளம் வந்திருக்கும். நல்ல வீடு, நல்ல காற்று, ஒருவேளை தனிக் குழாயும் இருந்திருக்கும். தீண்டாமை அம்பேத்கரை மட்டும் தெருவில் நிறுத்தவில்லை. பரேல் அறையில் காத்திருந்த தாயையும் பிள்ளையையும் அங்கேயே அடைத்தது.

1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை, மாதம் 450 ரூபாய் சம்பளம். அன்றைக்குப் பெரிய தொகை. கஷ்டம் தீர்ந்தது என்று யாரும் நினைப்போம். ஆனால் லண்டனில் பாதியில் விட்ட படிப்பை முடிக்க வேண்டும் என்று அவர் பணம் சேர்த்தார். வீட்டுக்கு என்று ஓர் அளவு கொடுப்பார், அதற்குள் நடத்த வேண்டும். ரமாபாய் நடத்தினார். 1920இல் மறுபடியும் கப்பல். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜும் நவல் பதேனா என்ற பார்சி நண்பரும் பணம் கொடுத்து உதவினார்கள். 1923 ஏப்ரலில்தான் திரும்பினார். இந்த உதவிக் கணக்கில் சாகு மகராஜ் பெயர் வரும், பதேனா பெயர் வரும், பரோடா மன்னர் பெயரும் வரும். வீட்டுச் செலவைச் சுருக்கி அந்தப் படிப்புக்குப் பணம் கொடுத்தவர் பெயரையும் அதே வரிசையில் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

இனி பிள்ளைகளைப் பற்றி. இதை எழுதுவது சுலபமில்லை.

ரமாபாய்க்கு ஐந்து பிள்ளைகள். யஷ்வந்த், கங்காதர், ரமேஷ், இந்து என்று ஒரு பெண், கடைசியாக ராஜரத்னா. நான்கு பிள்ளைகள் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள். ஒன்றுகூடப் பள்ளிக்கூடம் போகும் வயது வரை நிற்கவில்லை. கங்காதர் இறந்தபோது கோடித்துணி வாங்கக் காசில்லை, ரமாபாய் தன் புடவையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தார் என்று மராட்டியத்தில் வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். கடைசிப் பிள்ளை ராஜரத்னா 1926 ஜூலையில் நிமோனியாவால் இறந்தான். மழை மாதம். சில வாரம் கழித்து நண்பர் ஒருவருக்கு அம்பேத்கர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. மூன்று மகன்களையும் ஒரு மகளையும் புதைத்த ஒரு தகப்பனின் கடிதம் அது. அதை வாசித்தவர்கள் அவரை வெறும் சட்டமேதையாக மட்டும் பார்க்க முடியாது. ரமாபாய் அப்படி ஒரு கடிதம் எழுதியதாகத் தெரியவில்லை. அவரை யாரும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அதனால் தாயின் துக்கம் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை.

இந்தச் சாவுகளை விதி என்றும், அந்தத் தாயின் துரதிர்ஷ்டம் என்றும் மேடையில் பேசுகிறார்கள். அப்படிப் பேசுவது தவறு. அன்றைய மும்பை நகராட்சிக் கணக்குப்படி 1921இல் பதிவான பிறப்புகளில் ஆயிரத்துக்கு அறுநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. பிரசவத்துக்குச் சொந்த ஊர் போய்விட்டுத் திரும்பிய தாய்மார்களின் குழந்தைகள் பிறப்புக் கணக்கில் வராமல் இறப்புக் கணக்கில் மட்டும் வந்ததால் இந்த எண் கொஞ்சம் ஊதிப்போனது உண்மை. அதைக் கழித்தாலும் பயங்கரமான கணக்கு. ஒரே அறையில் குடியிருந்த குடும்பங்களில் இன்னும் அதிகம் பிள்ளைகள் செத்தன. பஞ்சாலைக்குப் போகும் தாய்மார்கள், குழந்தை அழாமல் தூங்க அபின் உருண்டை கொடுத்துவிட்டுப் போனார்கள். வேறு வழி இல்லை. எங்கள் பக்கம் நடவுக்குப் போகும் பெண்கள் வரப்போரப் புளியமரத்தில் தூளி கட்டுவார்கள். என் அம்மா என்னை அப்படித்தான் வளர்த்தார். எறும்பு கடித்து நான் அழும்போது, அந்த வரிசை நட்டு முடிக்காமல் கரையேறினால் கூலியில் பிடிப்பார்களாம்.

பஞ்சாலைக்குள்ளும் சாதி இருந்தது. நூல் அறுந்தால் ஓடத்தின் துளையில் வாய் வைத்து உறிஞ்சி நூலை எடுக்க வேண்டும் என்பதால், தீண்டத்தகாதவர்கள் வாய் வைத்ததை நாங்கள் தொடமாட்டோம் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவின் கதவு மகர் சாதித் தொழிலாளிக்கு இப்படி மூடப்பட்டது. கூலி குறைந்தால் சின்ன அறை. சின்ன அறையில் அதிகம் பேர். அதில் வளரும் பிள்ளைக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் இறங்கும். ரமாபாயின் நான்கு பிள்ளைகளைக் கொன்றது எது என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டிருந்தால் இந்தச் சங்கிலியைத்தான் காட்டியிருப்பேன்.

பிழைத்த ஒரே பிள்ளை யஷ்வந்தும் அடிக்கடி உடம்பு சரியில்லாமல் படுப்பவன். நான்கைப் பறிகொடுத்த தாய்க்கு அவன் ஒரு முறை இருமினால் எப்படி இருந்திருக்கும்! விரதம் இருந்தார், சாமி கும்பிட்டார். பண்டரிபுரம் போய் விட்டலைக் கும்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். தீண்டத்தகாதவர் என்று கோயிலுக்கு வெளியே நிறுத்தி வைக்கும் இடத்துக்குப் போக வேண்டாம், நாம் வேறொரு பண்டரிபுரத்தை உருவாக்குவோம் என்று கணவர் தடுத்துவிட்டார். அம்பேத்கர் சொன்னது சரி. போக நினைத்த ரமாபாயின் மனதும் எனக்குப் புரிகிறது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் என் அம்மாவோடு இருபது வயதில் நான் போட்ட சண்டைகளை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கொள்கையில் என் பக்கம் சரிதான், பேசிய விதம் சரியில்லை.

1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா தொடங்கப்பட்டது. 1927இல் மகாடு குளத்துப் போராட்டம். வீடு இயக்கத்தின் வாசலாக மாறியது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள், வழக்குக்கு வருகிறவர்கள், இரவு தங்குகிறவர்கள். கணவர் உயர் நீதிமன்றத்தில் வழக்காடினார். ஆனால் சாதி இந்து வழக்குரைஞர்கள் அவருக்கு வழக்கு அனுப்பவில்லை. வந்த கட்சிக்காரர்கள் ஏழைகள். 1925 முதல் மூன்று ஆண்டு போலக் கணக்கியல் நிறுவனம் ஒன்றில் பகுதிநேரம் பாடம் நடத்தியும் சமாளித்தார். இத்தனைக்கும் நடுவில் 1928 ஜனவரியில் மும்பையில் தொடங்கப்பட்ட ஒடுக்கப்பட்ட பெண்களின் சங்கத்துக்கு ரமாபாயைத் தலைவராக்கினார்கள். ராஜரத்னா இறந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. வாசல் தாண்டாத பெண் என்று ஒருவரும் அவரைச் சொல்லிவிட முடியாது.

அதே 1928இல், ஜூலை 28 அன்று, மும்பைச் சட்டமன்றத்தில் மகப்பேறு நலச் சட்ட முன்வரைவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். ஆலையில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வும் உதவித்தொகையும் வேண்டும், தாயின் நலம் நாட்டின் நலம், அதன் சுமையை அரசும் முதலாளியும் ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். 1929இல் அது சட்டமானது. இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் அதுவே முதல். சில ஆண்டில் சென்னை மாகாணத்திலும் வந்தது. 1938இல் குடும்பக் கட்டுப்பாட்டு வசதிகளை அரசே செய்து கொடுக்க வேண்டும் என்று அவர் கட்சி மும்பைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது. அவர் தயாரித்த உரையைக் கட்சிக்காரர் ரோகம் அவையில் வாசித்தார். தீர்மானம் தோற்றது. அடுத்தடுத்த பிரசவம் பெண்ணின் உடம்பை என்ன செய்யும் என்று அவர் ஆங்கிலப் புத்தகத்தில் படித்து மட்டும் தெரிந்துகொண்டிருக்க மாட்டார். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது, 1943இல் சுரங்கப் பெண் தொழிலாளர்களின் மகப்பேறு உதவிச் சட்டத்தையும் திருத்தினார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1929 சட்டம் ஆலைத் தொழிலாளிக்கானது. வறட்டி தட்டிய, குழாயடியில் நின்ற ரமாபாய்க்கு அந்தச் சட்டத்தில் இடம் இல்லை, அவர் யாரிடமும் கூலி வாங்கவில்லை. கூலி வாங்கும் விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கும் அதில் இடம் இல்லை. ஊதியத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பு இன்றைக்கும் நடவு நடும் பெண்ணுக்கு யார் தருகிறார்கள்? அரசின் மகப்பேறு நிதியுதவி இருக்கிறது. அதை வாங்கக் கர்ப்பிணிப் பெண் எத்தனை முறை அலைகிறாள் என்று எந்தக் காலனியிலும் விசாரிக்கலாம்.

1930 அக்டோபரில் அம்பேத்கர் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போனார். 1931இல் மறுபடியும் போனார். இப்போது யஷ்வந்த் வளர்ந்த பையன். ஆனால் ரமாபாயின் உடம்பு தேய்ந்துவிட்டது. ஐந்து பிரசவம், அரை வயிறு, ஓய்வே இல்லாத இருபது ஆண்டு. காற்று மாறினால் தேறுவார் என்று தார்வாடுக்கு அனுப்பினார்கள். அங்கே வராளே என்ற தோழர் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கு விடுதி நடத்தினார். மானியப் பணம் வராமல் பிள்ளைகள் பட்டினி கிடந்ததைப் பார்த்து, கையில் இருந்த தங்க வளையல்களைக் கழற்றிக் கொடுத்து அரிசி வாங்கச் சொன்னாராம் ரமாபாய். மராட்டியத்துப் பாடகர்கள் இதை விரும்பிப் பாடுவார்கள். பெற்ற பிள்ளைகளைப் பசியிலும் நோயிலும் இழந்தவர், இன்னொருத்தி பெற்ற பிள்ளை பசியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதுதானே.

தாதரில் இந்து காலனியில் ராஜகிருகம் என்ற வீட்டை அம்பேத்கர் கட்டினார். முக்கியமாகப் புத்தகங்களுக்காகக் கட்டிய வீடு. பரேல் சாலின் இரண்டு அறையிலிருந்து அங்கே குடிபோனார்கள். ரமாபாய் அந்த வீட்டில் அதிக நாள் இருக்கவில்லை. பெரும்பகுதி படுக்கையில். 1935 மே 27 அன்று அங்கேயே இறந்தார். வயது முப்பத்தேழு. பரேலிலிருந்தும் தாதரிலிருந்தும் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் ஊர்வலத்தில் நடந்தார்கள். கணவர் தலையை மழித்துக்கொண்டு, அறையை விட்டு வெளியே வராமல், சாமியாரைப் போலக் கொஞ்ச நாள் கிடந்தார். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 13 அன்று இயோலாவில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்ற முடிவை அறிவித்தார். பண்டரிபுரம் போக ஆசைப்பட்டவர் உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. எனக்குப் பதில் கிடையாது. கணவர் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் விலை கொடுத்தவர் அவர், இதற்கும் கொடுத்திருப்பார் என்று மட்டும் தோன்றும்.

பாகிஸ்தான் பிரச்சினை பற்றி அம்பேத்கர் எழுதிய பெரிய நூல் 1940 இறுதியில் வெளிவந்தது. அரசியல், எல்லை, ராணுவம், மக்கள்தொகை என்று புள்ளிவிவரம் நிறைந்த புத்தகம். அதை ரமாபாயின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். ரமாபாய் என்றுகூட எழுதவில்லை, வீட்டில் கூப்பிடுகிற ராமு என்ற பெயரையே எழுதினார். நண்பர்கள் இல்லாத, வறுமையும் கவலையும் நிறைந்த நாட்களில் தன்னோடு சேர்ந்து துன்பப்பட அவர் தயாராக இருந்ததற்கு நன்றி என்பது அதன் சாரம். அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு நூலகத்தில் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். அண்ணன் குழந்தையை அன்றும் இடுப்பில் வைத்திருந்தாள்.

யஷ்வந்த் நன்றாக வளர்ந்தார். மக்கள் அவரைப் பய்யாசாகேப் என்று அழைத்தார்கள். பவுத்த சங்கத்தை வழிநடத்தினார், அப்பாவின் பத்திரிகையை நடத்தினார், 1977 வரை வாழ்ந்தார். ஒவ்வொரு டிசம்பர் 6 அன்றும் தாதர் கடற்கரையில் லட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று வணங்கும் சைத்யபூமி தூபியை எழுப்ப அலைந்து பணம் திரட்டியவர் அவர்தான். நம் மாவட்டத்திலிருந்தும் ஆண்டுதோறும் ரயிலேறிப் போகிறார்கள். தாதரிலிருந்து பரேல் பக்கம்தான். போகிறவர்கள் அந்தச் சாலையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.